வென்ற அணியும் நல்ல அணியும்

ஒரு கல்லூரி அணி ஒரே பருவத்தில் 38 ஆட்டங்கள் ஆடி 32-இல் வென்றால் அது நல்ல அணிதான் என்று தயங்காமல் சொல்லிவிடலாம். சிகாகோ லயோலா பல்கலைக்கழகத்தின் ஆடவர் கூடைப்பந்து அணி 2017-18 பருவத்தில் அப்படித்தான் ஆடியது. ஆனால் ரசிகர்கள் இன்றும் அந்த அணியைப் பற்றிப் பேசுவது அந்த 32 வெற்றிகளில் மூன்றை வைத்துத்தான். அந்த மூன்று ஆட்டங்களையும் கூட்டிப் பார்த்தால், எதிரணிகளைவிட லயோலா கூடுதலாக எடுத்த புள்ளிகள் நான்கே நான்கு.

2018 மார்ச் 15. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. நடத்தும் தேசியப் போட்டியின் முதல் சுற்று, டல்லஸ் நகரில். 1985-க்குப் பிறகு லயோலா இந்தப் போட்டிக்குள் நுழைந்தது அப்போதுதான். பிரிவில் அதற்கு 11-ஆம் தரவரிசை; எதிரே 6-ஆம் தரவரிசையில் இருந்த மயாமி. கடைசி 10 நொடிகளில் மயாமி 62-61 என்று முன்னிலை. மயாமி வீரர் ஒரு ஃப்ரீ த்ரோவைத் தவறவிட, லயோலா வீரர்கள் பந்தோடு ஓடிவந்து டான்டே இங்க்ரமிடம் கொடுத்தார்கள். மூன்று புள்ளிக் கோட்டுக்கு நன்றாகத் தள்ளி நின்று அவர் எறிந்த பந்து வலைக்குள் விழுந்தபோது கடிகாரத்தில் 0.3 நொடிதான் மிச்சம். 64-62.

இரண்டு நாள் கழித்து அதே அரங்கில், 3-ஆம் தரவரிசை டென்னசி அணி. 3.6 நொடி இருக்கும்போது கிளேட்டன் கஸ்டர் எறிந்த பந்து ரிங்கில் பட்டு, மேலே எழும்பி, போர்டைத் தொட்டு, உள்ளே விழுந்தது. 63-62. மார்ச் 22 அன்று அட்லாண்டாவில் நெவாடாவுடன் 69-68. அடுத்து கான்சஸ் ஸ்டேட் அணியை 78-62 என்று அடித்துத் தள்ளி, நாட்டின் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக லயோலா நின்றது. அணியின் ஆன்மிக வழிகாட்டியான 98 வயதுக் கன்னியாஸ்திரி ஜீன் டோலோரஸ் ஷ்மிட் சக்கர நாற்காலியில் ஒவ்வோர் ஊருக்கும் வந்து, வீரர்களுக்கு இணையாகப் புகழ் பெற்றார். அரையிறுதியில் இடைவேளை வரை 29-22 என்று முந்தியிருந்தும், மிச்சிகனிடம் 57-69 என்று தோற்றது லயோலா.

கஸ்டரின் பந்து போர்டைத் தொட்டபின் வெளியே துள்ளியிருந்தால்? லயோலா இரண்டாம் சுற்றிலேயே மூட்டை கட்டியிருக்கும். வீரர்கள் அதே வீரர்கள், பயிற்சி அதே பயிற்சி. ஆனால் இன்றைக்கு அந்தப் பருவத்தைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் கூடைப்பந்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி நன்றாகப் பழக்கமானது. சித்தூர் வட்டத்தின் கொழிஞ்சாம்பாறையிலோ வேலந்தாவளத்திலோ இருக்கும் பையன் எல்லை தாண்டிக் கோவைக்குப் போய், பி.எஸ்.ஜி. கோப்பையும் நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பையும் பார்க்கிறான். தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு பக்கத்துப் பையனுக்குப் போடிமெட்டிலோ குமுளியிலோ இறங்கினால் பெரியகுளம். அங்கே சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் ஆண்டுதோறும் நடத்தும் அகில இந்தியப் போட்டியில் ஐ.ஓ.பி., இந்தியன் வங்கி, ராணுவம், கடற்படை என்று நாட்டின் முன்னணி அணிகள் ஆடுவதைத் தரையோடு உட்கார்ந்து பார்க்கலாம். இப்படி வளரும் பையன்கள் கல்லூரிக்கு வந்ததும் இரண்டாகப் பிரிகிறார்கள். சித்தூர் அரசுக் கல்லூரி கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் கீழ். மூணாறு அரசுக் கல்லூரி கோட்டயத்தின் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் கீழ். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியின் தொடக்கச் சுற்றுகள் பெரும்பாலும் நாக்-அவுட். ஒரு தோல்வி வந்தால் அந்த ஆண்டின் கணக்கு முடிந்தது. "இந்த வருஷம் டீம் சரியில்லை" என்ற தீர்ப்பும் அன்றைக்கே எழுதப்பட்டுவிடும். அந்தத் தீர்ப்புக்கு அறிவியலில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் ஒரே ஓர் எறிதலை எடுத்துக்கொள்வோம். ஃப்ரீ த்ரோ போதும். தடுக்க ஆள் இல்லை, தூரம் மாறாது. ரிங்கின் உள்விட்டம் 45 சென்டிமீட்டர், பந்தின் விட்டம் 24. பார்த்தால் தாராளமான இடம். ஆனால் பந்து நேர் மேலேயிருந்து விழுவதில்லை, சரிவாக வருகிறது. சரிவாக வரும் பந்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் வட்டமான ரிங் நசுங்கிய நீள்வட்டம் ஆகிவிடுகிறது. 32 பாகைக்கும் குறைந்த கோணத்தில் வரும் பந்துக்கு ரிங்கைத் தொடாமல் உள்ளே போக வழியே கிடையாது. அதனால்தான் கோச்சுகள் "ஆர்க் போதாது, மேலே போடு" என்று கத்துகிறார்கள்.

எவ்வளவு மேலே? இரண்டு மீட்டருக்குச் சற்று உயரத்தில் பந்தைக் கையிலிருந்து விடுகிற ஒருவருக்கு, மிகக் குறைந்த வேகத்தில் ரிங்கை எட்டும் கோணம் 51 பாகைக்குச் சற்று மேல். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சாவ் டிரான், லாரி சில்வர்பெர்க் இருவரும் 2008-இல் கணினியில் லட்சக்கணக்கான எறிதல்களைப் போட்டுப் பார்த்துச் சொன்ன விடையும் கிட்டத்தட்ட அதேதான்: 52 பாகை. பந்து நொடிக்கு மூன்று முறை பின்னோக்கிச் சுழல வேண்டும். குறி ரிங்கின் நடுவைத் தாண்டிப் பின்விளிம்பை ஒட்டி இருக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். பின்சுழற்சி இருந்தால் ரிங்கிலோ போர்டிலோ படும் பந்து வேகத்தை இழந்து கீழே சாயும். ரிங்கில் பட்டும் உள்ளே விழுகிற பந்துகளில் பலவற்றை 'அதிர்ஷ்டம்' என்கிறோம். அவற்றுள் ஒரு பங்கு விரல் நுனியின் வேலை.

இந்தக் கோணத்தில் இன்னொரு நன்மை உண்டு. கோணத்தில் சிறு பிசகு வந்தால் பந்து போய்ச் சேரும் இடம் அதிகம் மாறாது. ஆனால் வேகத்துக்கு அந்தச் சலுகை இல்லை. நொடிக்கு ஏறத்தாழ 7.2 மீட்டர் வேகத்தில் எறிய வேண்டும். அதில் நூற்றில் ஒரு பங்கு கூடினால் பந்து 11 சென்டிமீட்டர் தள்ளிப் போகிறது. ரிங்கைத் தொடாமல் விழ வேண்டுமானால் முன்னும் பின்னும் கிடைக்கும் இடமோ மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று மேல்தான். ஓடிக் களைத்து, நெஞ்சு படபடக்க, வியர்த்த கையால் எறிகிறவரிடம் நூற்றில் ஒரு பங்குகூடப் பிசகாத துல்லியத்தைக் கேட்கிறோம். அமெரிக்கக் கல்லூரி ஆடவர் அணிகளின் ஃப்ரீ த்ரோ சராசரி 1960-களின் நடுவிலிருந்து 2009 வரை 69 விழுக்காட்டை ஒட்டியே நின்றுவிட்டதில் ஆச்சரியம் இல்லை. எவ்வளவு பழகினாலும் ஒவ்வோர் எறிதலும் ஒரு நிகழ்தகவுதான். 70 விழுக்காடு எறிபவர், 80 விழுக்காடு எறிபவர் என்றுதான் ஒருவரைச் சொல்ல முடியும். அடுத்த பந்து விழுமா என்பதை அவரே சொல்ல முடியாது.

மலையேறினால் இந்தக் கணக்கில் ஒரு திருத்தம் வருகிறது. எல்லைப்புற அணிகளுக்கு இது நேரடியாகப் பயன்படும். பாலக்காடு நகரம் கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டருக்குள். மூணாறு ஏறத்தாழ 1,500 மீட்டர். அங்கே காற்றின் அழுத்தம் சமவெளியைவிட ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு; அடர்த்தியும் குறைவு. காற்றின் தடை குறைவதால், சமவெளியில் பழகிய அதே வேகத்தில் எறிந்த ஃப்ரீ த்ரோ மூணாறில் சுமார் நான்கு சென்டிமீட்டர் கூடுதலாகப் போகும். ரிங்கைத் தொடாமல் விழக் கிடைக்கும் இடம் மூன்று சென்டிமீட்டர் சொச்சம் என்பதை நினைவில் வையுங்கள். தூரத்திலிருந்து எறியும் மூன்று புள்ளிப் பந்துக்கு இந்த விலகல் இன்னும் பெரிது.

பந்தும் மாறுகிறது. கீழே 8 பவுண்டு காட்டும்வரை காற்றடித்து, பையில் போட்டு மலைக்குக் கொண்டுபோகிறோம். உள்ளே அடைபட்ட காற்று அதேதான். வெளியே அழுத்தும் காற்று குறைந்துவிட்டது. வெயிலின் சூடு மாறாமல் இருந்தால் மானி இப்போது 10 பவுண்டுக்கு மேல் காட்டும். மூணாறின் குளிர் உள்ளே இருக்கும் காற்றைச் சுருக்கி அதைக் கொஞ்சம் இறக்கும். அப்படியும் பெரும்பாலும் 9-க்குக் கீழே வராது. அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ. அனுமதிப்பது 7.5 முதல் 8.5 பவுண்டு வரை. கல்லாக இறுகிய பந்து தரையிலும் ரிங்கிலும் கூடுதலாகத் துள்ளும். உள்ளே விழ வேண்டிய பந்து வெளியே போகும். ரீபவுண்ட் எதிர்பாராத இடத்தில் விழும். தோற்றபின் "இன்றைக்கு நேரம் சரியில்லை" என்று பேசிக்கொண்டு பஸ் ஏறும் அணியிடம் ஊசியும் மானியும் இருந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் சரிசெய்திருக்கலாம். அளக்கக்கூடியதை அளந்து முடித்தபின் மிச்சம் இருப்பதைத்தான் தற்செயல் என்று சொல்ல வேண்டும்.

அப்படி மிச்சமாகும் தற்செயலும் சிறியதல்ல. கல்லூரி ஆட்டம் ஒன்றில் ஒவ்வோர் அணிக்கும் சுமார் 70 முறை பந்து கைக்கு வருகிறது. ஒவ்வொரு முறையும் பெரும்பாலும் 0, 1, 2 அல்லது 3 புள்ளி. இவ்வளவு வாய்ப்புகள் இருப்பதால், இரண்டு மூன்று கோலில் முடியும் கால்பந்தைவிடக் கூடைப்பந்தில் திறமைக்கு வெளிப்பட அதிக இடம் கிடைக்கிறது. ஒரு முழுப் பருவத்தின் முடிவுகளில் தற்செயலின் பங்கை மைக்கேல் மொபௌசின் 2012-இல் வெளியான தன் நூலில் மதிப்பிட்டார்: என்.பி.ஏ. கூடைப்பந்துக்கு 12 விழுக்காடு, இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்துக்கு 31. ஆனால் இது பருவம் முழுவதற்கும் உள்ள கணக்கு. ஒற்றை ஆட்டத்துக்கு வந்தால் நிலைமை வேறு. அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் எதிர்பார்த்த புள்ளி வித்தியாசத்துக்கும் உண்மையில் வரும் வித்தியாசத்துக்கும் இடையிலான திட்ட விலக்கம் சுமார் 11 புள்ளி. அப்படியானால் எதிரணியைவிட நான்கு புள்ளி மேலான அணி வெல்லும் வாய்ப்பு 64 விழுக்காடுதான். நூறு முறை மோதினால் 36 முறை 'மோசமான' அணி கைதட்டல் வாங்கிக்கொண்டு போகும். ஒன்றிரண்டு புள்ளியில் முடிந்த ஆட்டமோ நாணயம் சுண்டியதற்குச் சமம். மூன்று முறை சுண்டி மூன்று முறையும் தலை விழும் வாய்ப்பு எட்டில் ஒன்று. 2018 மார்ச்சில் லயோலாவுக்கு நடந்தது அதற்குப் பக்கத்தில் வருகிறது.

ஓர் ஆட்டத்துக்குள்ளேயே புள்ளி வித்தியாசம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதை ஆலன் கேபல், சிட்னி ரெட்னர் என்ற இரு இயற்பியலாளர்கள் 2012-இல் ஆராய்ந்தார்கள். என்.பி.ஏ. ஆட்டங்களின் ஸ்கோர் ஓட்டத்தை எடுத்துப் பார்த்தபோது, நீர்த்துளியில் மிதக்கும் தூசி அங்குமிங்கும் அலைவதைச் சொல்லும் அதே சமவாய்ப்பு நடைக் கணிதம் கிட்டத்தட்ட அப்படியே பொருந்தியது. சின்ன வேறுபாடுகள் உண்டு: கூடை விழுந்ததும் பந்து எதிரணிக்குப் போவதால் ஒரே அணி தொடர்ந்து போடுவது சற்றுக் குறைவு, பின்தங்கிய அணி அடுத்த புள்ளியை எடுக்கும் வாய்ப்பு மயிரிழை அதிகம். பிறகு ரெட்னரும் சக ஆய்வாளர்களும் இதிலிருந்து ஒரு எளிய விதியைத் தந்தார்கள். மிச்சமிருக்கும் நொடிகளின் வர்க்கமூலத்தை 0.46-ஆல் பெருக்குங்கள், முன்னிலை அதற்கு மேல் இருந்தால் அது பத்தில் ஒன்பது முறை பறிபோகாது. 100 நொடி இருக்கும்போது ஐந்து புள்ளி முன்னிலை போதும். என்.பி.ஏ.யின் இடைவேளையில், அதாவது 24 நிமிடம் மிச்சமிருக்கையில், 18 புள்ளி வேண்டும். கல்லூரி ஆட்டத்தில் புள்ளி ஏறும் வேகம் குறைவு என்பதால் எண்கள் கொஞ்சம் இறங்கும். அந்தக் கணக்கில் மிச்சிகனுக்கு எதிராக லயோலா வைத்திருந்த ஏழு புள்ளி முன்னிலை பாதுகாப்பானதே அல்ல. இரண்டாம் பாதியில் அவர்கள் சோர்ந்துவிட்டார்கள் என்று எழுதியவர்கள் உண்டு. சோர்வு இருந்திருக்கலாம், ஆனால் ஏழு புள்ளி கரைவதற்குச் சோர்வு தேவையில்லை.

"இன்றைக்கு அவன் கை சூடாக இருக்கிறது, பந்தை அவனுக்கே கொடு" என்பது எந்தக் கோர்ட்டிலும் கேட்கும் குரல். தாமஸ் கிலோவிச், ராபர்ட் வலோன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி மூவரும் 1985-இல் இதைச் சோதித்தார்கள். அவர்கள் கேட்ட ரசிகர்களில் 91 விழுக்காட்டினர், இரண்டு மூன்று பந்து தொடர்ந்து விழுந்தவருக்கு அடுத்ததும் விழும் வாய்ப்பு அதிகம் என்றார்கள். பிலடெல்பியா 76-எர்ஸ் அணியின் பதிவுகளிலும், கார்னெல் பல்கலைக்கழக அணி வீரர்களை நிறுத்தி எறியச் சொன்ன சோதனையிலும் அப்படி ஒன்றும் தெரியவில்லை. 'சூடான கை' என்பது மனப்பிரமை என்று முப்பது ஆண்டு காலம் பாடப்புத்தகங்கள் எழுதின.

பிறகு ஜோஷுவா மில்லர், ஆடம் சஞ்சுர்ஹோ இருவரும் அந்தக் கணக்கிலேயே ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். ஒரு தாளும் பேனாவும் இருந்தால் நீங்களே செய்து பார்க்கலாம். மூன்று முறை நாணயம் சுண்டினால் வரக்கூடிய வரிசைகள் எட்டு. ஒவ்வொரு வரிசையிலும் தலைக்கு அடுத்து வந்தது என்ன என்று மட்டும் பாருங்கள். பூ-பூ-பூ, பூ-பூ-தலை இரண்டிலும் தலைக்கு அடுத்து எதுவும் இல்லை; தள்ளிவிடுங்கள். மிச்சம் ஆறு. தலை-தலை-தலையில் தலைக்குப் பின் வந்ததெல்லாம் தலை, மதிப்பு 1. பூ-தலை-தலையிலும் 1. தலை-தலை-பூவில் பாதி. மற்ற மூன்றிலும் பூஜ்யம். கூட்டினால் இரண்டரை. ஆறால் வகுத்தால் சராசரி 42 விழுக்காட்டை ஒட்டி வருகிறது. நியாயமான நாணயம்தான், ஆனாலும் 50 வரவில்லை. சிறு வரிசைகளை இப்படி எண்ணினால், ஒன்றுமே இல்லாத இடத்தில் 'வெற்றிக்குப் பின் சரிவு' இருப்பதுபோல் தோன்றும். கார்னெல் வீரர்களிடம் சரிவும் இல்லை, ஏற்றமும் இல்லை என்று 1985-இல் எழுதினார்கள் என்றால், உண்மையில் அங்கே ஓர் ஏற்றம் ஒளிந்திருந்தது என்று பொருள். 2018-இல் எகனாமெட்ரிகா இதழில் வெளியான இந்தத் திருத்தத்துக்குப் பின், கோர்ட் ஓரத்தில் நின்று கத்தியவர்களை அறியாதவர்கள் என்று சொல்ல முடியாமல் போயிற்று. சூடான கை உண்டு. ரசிகர்கள் நினைக்கும் அளவுக்கு அடிக்கடி வருவதில்லை. தேர்ந்த மூன்று ஆய்வாளர்களையே சிறு எண்ணிக்கை இவ்வளவு காலம் ஏமாற்றியது என்பதுதான் இதில் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

சிறு எண்ணிக்கையைத் தெரிந்தே ஆயுதமாக்கலாம் என்பதற்கும் கல்லூரிக் கூடைப்பந்தில் புகழ்பெற்ற சான்று உண்டு. 1985 ஏப்ரல் 1, கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகரில் தேசிய இறுதியாட்டம். ஒரு பக்கம் பேட்ரிக் யூயிங் ஆடிய ஜார்ஜ்டவுன், நடப்புச் சாம்பியன். மறுபக்கம் வில்லனோவா, 8-ஆம் தரவரிசை; அந்தப் பருவத்திலேயே ஜார்ஜ்டவுனிடம் இரண்டு முறை தோற்ற அணி. அப்போது தேசியப் போட்டியில் ஷாட் கிளாக் கிடையாது. இத்தனை நொடிக்குள் எறிந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பயிற்சியாளர் ரோலி மாசிமினோவின் பிள்ளைகள் பந்தைப் பொறுமையாகச் சுற்றவிட்டு, நல்ல இடம் கிடைத்தால் மட்டுமே எறிந்தார்கள். ஃப்ரீ த்ரோ நீங்கலாக, ஆட்டம் முழுவதும் அவர்கள் எறிந்தது 28 முறை. விழுந்தது 22. முடிவு 66-64. அவ்வளவு கீழான தரவரிசையிலிருந்து பட்டம் வென்ற அணி இன்றுவரை வேறு இல்லை.

இரண்டுக்கு ஒன்று விழும் எறிதல்கள் என்று வைத்துக்கொண்டால், 28-இல் 22-ஓ அதற்கு மேலோ விழும் வாய்ப்பு சுமார் 540-இல் ஒன்று. அரிது, ஆனால் நடக்கக்கூடியது. அதே அணி அவசர ஆட்டம் ஆடி 60 முறை எறிந்திருந்தால், அதே விகிதத்தில் 47 விழுவதற்கான வாய்ப்பு ஒன்றரை லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே போயிருக்கும். எண்ணிக்கை குறையும்போது தற்செயலின் கை ஓங்குகிறது. பலவீனமான அணி ஆட்டத்தை மெதுவாக்க வேண்டும், பலமான அணி வேகமாக்க வேண்டும் என்று பயிற்சியாளர்கள் அனுபவத்தில் அறிந்ததன் கணிதம் இதுதான். அடுத்த பருவத்திலேயே என்.சி.ஏ.ஏ. ஆடவர் ஆட்டத்துக்கு 45 நொடி ஷாட் கிளாக்கைக் கொண்டுவந்தது. இன்றைக்கு நம் கல்லூரிகள் ஆடும் சர்வதேச விதிப்படி 24 நொடிதான்.

இந்தக் கணக்கை நாக்-அவுட் அட்டவணைக்குக் கொண்டுவந்தால் எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. 16 அணிகள், நான்கு சுற்று. அவற்றுள் மிகச் சிறந்த அணிக்கு ஒவ்வொரு சுற்றிலும் வெல்லும் வாய்ப்பு 80 விழுக்காடு என்றே வைப்போம். அது மிகத் தாராளம். நான்கையும் வெல்லும் வாய்ப்பு 41 விழுக்காடு. இருப்பதிலேயே சிறந்த அணி கோப்பை இல்லாமல் வீடு திரும்புவதே அதிகம் நடக்கும். 70 விழுக்காடு என்றால் நான்கு ஆண்டில் ஒரு முறைகூடக் கோப்பை நிச்சயம் இல்லை. முதல் சுற்றில் ஒரு புள்ளியில் தோற்ற அணியைப் பற்றி அந்த ஒரு புள்ளி நமக்குச் சொல்வது அநேகமாக ஒன்றுமில்லை. ஆனால் அதை வைத்துத்தான் அடுத்த ஆண்டு பந்து வாங்கப் பணம் ஒதுக்குவதா, கோர்ட்டின் வெடிப்பை அடைப்பதா என்பதெல்லாம் முடிவாகிறது.

தேர்வு முகாமிலும் இதே கதை. 75 விழுக்காடு எறியக்கூடியவன் ஒருவன், 65 விழுக்காடு எறிபவன் ஒருவன். ஆளுக்குப் பத்து ஃப்ரீ த்ரோ கொடுத்து ஒருவனை எடுக்கிறோம். நாலில் ஒரு முறைக்குச் சற்றுக் குறைவாகத் திறமை குறைந்தவன் முந்திவிடுவான். ஆறில் ஒரு முறை இருவரும் சமமாக நிற்பார்கள். ஆளுக்கு நூறு எறிதல் கொடுத்துப் பாருங்கள், தவறு இருபதில் ஒன்றாகச் சுருங்கும். ஒரு நாள் காலையில் பத்துப் பந்தில் ஒதுக்கப்பட்ட பையன் மறுநாளிலிருந்து கோர்ட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டால், அது அவனுடைய பலவீனம் என்று நான் ஏற்க மாட்டேன். நம் அளவுகோல்தான் குட்டை.

லயோலாவுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதையும் பார்த்துவிடலாம். முக்கியமான மூன்று வீரர்கள் படிப்பு முடிந்து போனபின், 2018-19 பருவத்தில் அந்த அணி 20 வென்று 14 தோற்றது. தேசியப் போட்டிக்கு இடமும் கிடைக்கவில்லை. போன வருஷம் அதிர்ஷ்டத்தில் ஓடிய குதிரை என்று பேச இடம் கிடைத்தது. ஆனால் 2018 போட்டிக்குள் நுழையும்போதே அதன் கணக்கில் 28 வெற்றி, 5 தோல்வி இருந்தது. 2017 டிசம்பர் 6 அன்று, நாட்டின் 5-ஆம் இடத்தில் இருந்த புளோரிடாவை அதன் சொந்த ஊரிலேயே 65-59 என்று வென்றிருந்தது. 2018-இல் முதலாண்டு மாணவராக ஆடிய கேமரன் கிரட்விக்கை நடுவில் வைத்து, அதே பயிற்சியாளர் போர்ட்டர் மோசரின் கீழ், 2021-இல் முதல் தரவரிசை இல்லினாய் அணியை 71-58 என்று வீழ்த்தியதும் லயோலாதான். கடைசி நொடி மூன்று கூடைகளை அழித்துவிட்டுப் பார்த்தாலும் அது நல்ல அணி. அப்படிச் சொல்லும் தைரியத்தை நமக்குத் தருவது அந்த 38 ஆட்டங்கள். ஐந்தே ஆட்டம் ஆடிய அணியைப் பற்றி இப்படி எதுவும் சொல்ல முடியாது.

ஆகவே பாலக்காடு, இடுக்கிக் கல்லூரிகளின் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும், வேலந்தாவளம் முதல் குமுளி வரை மாலையில் கோர்ட்டுக்கு வரும் மூத்த ஆட்டக்காரர்களுக்கும் என் வேண்டுகோள் இது. பல்கலைக்கழக அட்டவணை எப்படி இருந்தாலும், அதற்கு வெளியே பக்கத்துக் கல்லூரிகளைச் சேர்த்து வார இறுதி லீக் ஒன்று நடத்துங்கள். கோவைக் கல்லூரிகளும் தேனிக் கல்லூரிகளும் எல்லைக்கு அந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. எட்டு அணி, ஒவ்வொன்றோடும் இரண்டு முறை என்றால் ஆளுக்குப் 14 ஆட்டம் ஆயிற்று. ஒரு நோட்டில் ஐந்தே விஷயம் எழுதுங்கள்: எறிந்தது எத்தனை, விழுந்தது எத்தனை, பந்தைப் பறிகொடுத்தது எத்தனை, எதிரணி ரிங்கின் கீழே எடுத்த ரீபவுண்ட் எத்தனை, ஃப்ரீ த்ரோ எத்தனை. எறிந்ததோடு பறிகொடுத்ததைக் கூட்டி, ஃப்ரீ த்ரோவை 0.44-ஆல் பெருக்கிச் சேர்த்து, அந்த ரீபவுண்டைக் கழித்தால், பந்து எத்தனை முறை கைக்கு வந்தது என்ற எண் கிடைக்கும். எடுத்த புள்ளியை அதால் வகுங்கள். தோற்ற ஆட்டத்திலும் அந்த எண் ஏறியிருந்தால் அணி வளர்கிறது என்று பொருள். பந்துப் பையில் ஊசியோடு ஒரு காற்று மானியும் இருக்கட்டும். மலையேறும் நாளில் ஆட்டத்துக்கு முன் அழுத்தத்தைப் பார்த்துவிட்டு விசில் ஊதச் சொல்லுங்கள்.